பூட்டிய வெட்டுக்கத்திகள்

தென்கடல் ஓயாது முழங்கும் மொரீசுத் தீவில், செமின் கிரனியே என்னும் சிற்றூரின் மேல், கதிரவன் மலைமுகட்டை அணுகிக்கொண்டிருந்தான். கீழ்த்திசையில் எழுந்த கடற்காற்று, முற்றி நின்ற கரும்பின் தோகைகளைச் சரசரவென உரசி, அடுப்புப் புகையை வளைத்து, வேலை முடித்து ஆற்றுக்குக் குளிக்கச் செல்வோரின் சிரிப்பொலியை ஏந்திக்கொண்டு மேற்கே சென்றது. அன்பரே, காண்பார்க்கு இனிய அம்மாலைப் பொழுதில்தான் சின்னத்தம்பி என்னும் சிறுநிலக் கரும்பு உழவர் நாள்தோறும் நடுங்குவார்.

அவர் அஞ்சியது பேய்க்கு அன்று. தம்மிடம் வேலை செய்யும் இளைஞர் நால்வர் மறுநாள் வாராது போய்விடுவரோ என்பதற்கே. சென்ற ஆண்டு அறுவடை நடுவே ஆட்களெல்லாம் பெருந்தோட்டத்துக்குப் போய்விட, பாதிக் கரும்பு நின்ற நிலையிலேயே காய்ந்தது. சூடு கண்ட பூனையாகிவிட்ட அவர், இவ்வாண்டு மாலைதோறும் அந்நால்வரின் சொந்த வெட்டுக்கத்திகளை வாங்கிக் வயலோரக் குடிலுள் வைத்துப் பூட்டி, திறவுகோலை இடுப்பில் செருகிக்கொள்வார். கத்தியில்லாதவனை வேறெவர் வேலைக்கு வைப்பார்? ஒப்பந்தக் கூலியாய் வந்த தம் தந்தை ஓடிவிடாதிருக்க, வெள்ளைத்துரை குடியிருப்பின் வாயிலைப் பூட்டிய ஒலி கேட்டு அழுது வளர்ந்தவர்தாம் அவர். ஆயினும் தம் கையால் பூட்டும்போது அதை அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

அன்று திறவுகோலைச் செருகிய சிறு பொழுதில், "திஃபே! திஃபே!" என நெருப்பைக் குறித்துக் கிரியோல் மொழியில் கூவும் குரல்கள் எழுந்தன. அண்டைத் தோட்டத்துச் சருகிற் பற்றிய தீ, காற்றைத் துணைக்கொண்டு அவர் எல்லையை நோக்கி வந்துகொண்டிருந்தது. எல்லைக் கரும்பை வெட்டி இடைவெளி உண்டாக்கினாலன்றி நிலம் முழுவதும் கரியாகும். குடிலுக்கு ஓடினார்; கடலுப்பில் துருவேறிய பூட்டு, எவ்வளவு திருகியும் திறக்க மறுத்தது. கத்தியைப் பறித்தவனுக்காக நெருப்பில் இறங்க எவன் வருவான் என்று எண்ணியபோது, தீயினும் அவ்வெண்ணமே அவரை மிகுதியாய்ச் சுட்டது.

ஆனால் நால்வரும் ஆற்றிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவந்தனர்.

"கத்தி எங்கய்யா? சீக்கிரம்!" என்றான் அவர்களுள் மூத்தவனாகிய நாகப்பன்.

"தெறக்கலயே தம்பி... தெறக்கலயே!"

நாகப்பன் பாறைக்கல் ஒன்றைத் தூக்கிக் கதவைப் பிளந்தான். நால்வரும் அனற்காற்று முகத்தில் அறைய, இருமிக்கொண்டே எல்லைக் கரும்பை வெட்டிச் சாய்த்து இழுத்தெறிந்தனர். விளிம்பிலிருந்த கரும்பைக் கருக்கிய தீ, வெற்று நிலத்தைக் கண்டு அடங்கிற்று. கருகியதை விரைந்து ஆலைக்கு அனுப்பாவிடிற் புளித்துவிடும். ஆகவே நாளைக்கு அவர்கள் இன்றியமையாதவர் ஆயினர்.

அப்போது நால்வரும், வழக்கம் மாறாமல், கரிபடிந்த கத்திகளை அவர் காலடியில் வைத்தனர். அதைக் கண்ட சின்னத்தம்பிக்கு, தம் தந்தை வாயிலருகே தலைகுனிந்து நின்ற கோலம் கண்முன் வந்தது. நாணத்தால் அவர் உடல் கூசியது. குனிந்து ஒவ்வொரு கத்தியையும் எடுத்து உரியவன் கையில் கொடுத்தார்.

"கொண்டு போங்கப்பா. நாளைக்கு வந்துருங்க. ஒங்கள நம்பித்தான் இருக்கேன்."

நாகப்பன் கத்தியின் கூர்மையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தான்.

"இத நேத்துக் குடுத்திருந்தா, நாளைக்கும் வந்திருப்பேன் ஐயா."

விடியலில் மூடுபனியூடே வயலுக்கு நடந்தார் சின்னத்தம்பி. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பின்னர்க் கரும்பு வெட்டும் ஒலி கேட்டது; அவர் கண்கள் நிறைந்தன. அருகே சென்றபோது மூவரே குனிந்து வெட்டிக்கொண்டிருந்தனர். நாகப்பனின் வரிசை மட்டும் வெட்டுவாரின்றி நின்றது.

அச்சம் கத்தியைப் பூட்டி வைக்கும். கத்தி பிடித்த கையைப் பூட்டி வைக்க அதனால் ஆவதில்லை. தாம் எதற்கு அஞ்சினாரோ அதனைத் தாமே நாள்தோறும் நீரூற்றி வளர்த்திருந்தார் அம்முதியவர். பின்பு தந்தையின் பழங்கத்தியை எடுத்துவந்து, நாகப்பன் விட்டுச்சென்ற வரிசையில் குனிந்து வெட்டத் தொடங்கினார்.