இருநூற்றுப் பத்தொன்பது

அந்த ஆய்வுக்கூடத்தின் குளிர்ப்பெட்டியில் யாருக்கும் பெயர் கிடையாது. எண் மட்டும்தான். கதவைத் திறந்தால் வெள்ளைப் பனிமூட்டம் முழங்காலில் வந்து மோதும். அது கலைந்தால், ஆறு வருடத்துக்கு முன் மலாவியின் வடக்கு ஏரிக்கரையில் இருமியவர்கள் எல்லாரும் சின்னச் சின்னக் குப்பிகளில் வரிசை பிடித்து நிற்பார்கள். தெரிந்தவர் குப்பி கைக்கு வந்தால் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி.

அங்கே வேலை பார்க்கும் லுசுங்கு சொல்லவில்லை.

அவளுடைய எண் 217. காசநோய் வந்து இளைத்துப்போய் ஊர் திரும்பியபோது, நகாட்டா பே மருத்துவமனையில் துப்பச் சொல்லி நீட்டிய குப்பியின் மூடியில் அந்த எண்ணைப் பார்த்திருந்தாள். அடுத்த நாளே வீட்டில் இருப்பவர்களையும் சோதிக்க ஆள் வந்தது. தங்கை வெசிக்கு 218, அம்மாவுக்கு 219. மூன்று பேருக்கும் நோய் இருந்தது. மூன்று பேரும் மாத்திரை சாப்பிட்டார்கள். மூன்றாவது மாதத்தில் வெசி போய்விட்டாள். பத்தொன்பது வயது, போகிற வயதா அது?

யாருக்கு நோய் முதலில் தெரிந்ததோ அவர்தான் கொண்டுவந்தவர். ஊர்க் கணக்கு அவ்வளவுதான். பிளான்டயர் பட்டணத்துக்குப் படிக்கப் போனவள் நோயை மூட்டை கட்டிக்கொண்டு வந்து தங்கைக்குக் கொடுத்துவிட்டாள் என்று பேசினார்கள். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரே தட்டில் எல்லாரும் கொண்டோவோலே என்கிற மரவள்ளிக் களியைப் பிய்த்துத் தின்கிற வீட்டில், மூத்த மகளுக்கு மட்டும் தனித்தட்டு வந்தது. குணமாகி ஆறு வருடம் ஆன பிறகும் தனித்தட்டுதான்.

வெசி கனவில் வருவாள். ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் முதுகு காட்டி நிற்பாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். நான்தானா வெசி, நான்தான் கொடுத்தேனா என்று கேட்பதற்குள் விடிந்துவிடும். லுசுங்கு இந்த வேலைக்கு மனுப் போட்டதே அந்தக் கேள்விக்காகத்தான். நேர்காணலில் வேறு என்னவோ சொல்லி வைத்தாள்.

கிருமிக்கும் ஒரு எழுத்து வரிசை உண்டு. நான்கே எழுத்துகள், ஆனால் நாற்பத்துநான்கு லட்சம் தடவை மாறி மாறி வரும். உடம்புக்கு உடம்பு போகும்போது எப்போதாவது ஓர் எழுத்தைத் தப்பாக எழுதிவிடும். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவன் அவன் தப்பையும் சேர்த்து எழுதி, தன் தப்பையும் போட்டு வைப்பானே, அதேதான். முழு வரிசையையும் படித்துத் தப்புகளை ஒப்பிட்டால், யார் யாரிடமிருந்து எழுதியது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

மூன்று குப்பிகளின் சாற்றையும் கருவியில் விடும்போது அவள் மூச்சையே அடக்கிக்கொண்டாள். ஒரு காற்றுக்குமிழி உள்ளே போனால் அத்தனையும் பாழ்.

"என்ன லுசுங்கு, மெஷினுக்கு முத்தம் குடுக்கப் போறியா?" என்றான் பக்கத்து மேசை சங்வானி.

"கரண்டு போயிடக் கூடாதுன்னு அதுகிட்டக் கெஞ்சிட்டிருக்கேன். நீ வாய மூடு, உன் வாய்முகூர்த்தம் போயே போயிடும்."

போகவில்லை. மூன்றாம் நாள் மதியம், சோற்று மயக்கத்தில் கூடமே தூங்கி வழிந்தபோது, திரையில் கிருமியின் வம்ச மரம் விரிந்தது. 217இல் இரண்டு புதிய தப்புகள் இருந்தன. வெசியின் 218இல் அந்த இரண்டும் இல்லை. என்னிடமிருந்து அவள் எழுதவில்லை! லுசுங்குவுக்கு உடம்பு இறகு மாதிரி ஆகிவிட்டது. சங்வானியைக் கட்டிக்கொண்டு ஆடலாம் போல இருந்தது.

அப்புறம்தான் கீழே பார்த்தாள். வெசியிடம் வேறொரு தப்பு தனியாக இருந்தது. அக்காவின் கிளையும் தங்கையின் கிளையும் ஒரே இடத்திலிருந்து பிரிந்தன. அந்த இடத்தில், புதுத்தப்பு ஒன்றும் இல்லாமல், அம்மாவின் 219 உட்கார்ந்திருந்தது.

அம்மா மீன் புகைபோடுகிறவள். ஈர விறகு மூட்டிக் கம்பாங்கோ மீனை வாட்டுகிற பெண்கள் எல்லாருமே இருமுவார்கள். அந்தக் கரையில் இருமல் நோயில்லை, தொழில். அவள் எத்தனை மாதமாக இருமினாள் என்று யார் எண்ணினார்கள்? லுசுங்கு விடுமுறைக்கு வந்து, அந்தச் சின்ன அறையில் அம்மாவின் ஒரு பக்கம் தானும் மறுபக்கம் வெசியுமாக ஒரு மாதம் படுத்துக் கிடந்துவிட்டுப் போனாள். பிறகுதான் பட்டணத்தில் இளைக்க ஆரம்பித்தது.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வடக்கே பேருந்து ஏறினாள். வழியெல்லாம் அரைத்தூக்கம். அந்தத் தூக்கத்தில் வெசி முதல்முறையாகத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். விழித்தபோது லுசுங்குவின் கன்னம் நனைந்திருந்தது. 'நான் இல்லம்மா' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆறு வருடம் காத்திருந்த வார்த்தை, எப்படியும் சொல்லித்தான் தீர வேண்டும். அதற்கு அடுத்த வார்த்தைதான் வாயில் வரவே இல்லை.

போய்ச் சேர்ந்தபோது அம்மா புகையடுப்பின் முன்னால் குந்தியிருந்தாள். ஏரியின் நடுவிலிருந்து பூச்சிமேகம் எழும்பி, புகைத்தூண் மாதிரி சாய்ந்து சாய்ந்து கரைக்கு வந்துகொண்டிருந்தது. அள்ளி அடை தட்டித் தின்ன ஊரே கூடையோடு ஓடியது.

"ஞாலோங்வே! பட்டணத்து மக வந்துட்டா, வாயப் பொளந்து பாத்துட்டு நிக்காத. கூடைய எடு, பூச்சி வருது!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனாள் பக்கத்து வீட்டு ஞாமாண்டா.

அம்மா அசையவில்லை. மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருகிட்டேருந்து யாருக்கு வந்துச்சுன்னு கண்டுபுடிக்க மெஷின் இருக்காமே. ரேடியோவுல சொன்னான். நீ அங்கதான வேல பாக்குற?"

"ஆமாம்மா."

"வெசியோடத பாத்தியா?"

"பாத்தேன்."

"நீதானா?"

"நான் இல்லம்மா."

அம்மாவின் கையிலிருந்த மீன் நெருப்பில் விழுந்தது. அவள் எடுக்கவில்லை. இடுப்புத்துணி முனையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஆறு வருஷம்டி. உன் மேல கோவத்த வெச்சே ஓட்டிட்டேன். கோவத்த விட்டா அவ நெனப்பு வந்து மேல விழுதே, நான் என்ன செய்ய? உனக்குத் தட்டத் தனியா வெச்சேனே, பாவி."

"விடும்மா. எனக்குத் தெரியும்."

"அப்ப யாரு?"

பூச்சிமேகம் கரையேறிவிட்டது. வெயில் பழுப்பாக மங்கியது. காதோரம் லட்சம் இறக்கைகளின் மெல்லிய இரைச்சல். மூன்றடி தூரத்தில் அம்மாவே ஒரு நிழலாகிப் போனாள். லுசுங்கு அழுவதை இனி யாரும் பார்க்க முடியாது. அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

"பேரு கெடையாதும்மா. நம்பர் மட்டும்தான் இருக்கும்," என்றாள். பொய் இல்லையே.

"எந்த ஊரு?"

"இந்தக் கரைதான்."

"இந்தக் கரையா! யார்னு மட்டும் தெரியட்டும். விடிஞ்சதும் அவன் வாசல்ல போய் நின்னு, என் புள்ளையத் தின்னுட்டு நீ மட்டும் மீன் தின்னுறியாடான்னு கேக்குறேன். ஊரக் கூட்டிக் கேக்குறேன்!"

தூரத்தில் ஞாமாண்டா யாரையோ பார்த்துச் சிரிக்கும் சத்தமும் கூடை வீசும் சத்தமும் கேட்டன. நெருப்பில் விழுந்த மீன் கருகி நாறியது. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவின் குரல் வந்தது, இறங்கிப்போன குரல்.

"அந்த ஆளு உசுரோட இருக்கா?"

"இருக்காங்க."

"நோய்?"

"மாத்திர சாப்ட்டு எப்பவோ சரியாயிருச்சு."

"ஒரு பொண்ணு செத்தது தன்னாலன்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

அம்மா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டாள் போல, நிழல் குனிந்து நிமிர்ந்தது.

"சொல்லிராதடி," என்றாள். "வேணும்னா குடுத்திருக்கும்? தெரிஞ்சா செத்துப்போகும். யாரு எவ்ளோ கேட்டாலும் சொல்லாத."

"சொல்லமாட்டேம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா," என்றாள் லுசுங்கு.