பாசிக்குடாவில் டிசம்பர்

பிரான்சில், கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து லா சப்பலுக்கு ஏறும் தெருவில் றொனால்ட் ஒரு ரிக்கற் கடை வைத்திருந்தார். கமலராணி அங்கே ஒன்பது வருடமாக வேலை செய்தாள். ஊருக்குப் போய்வர விமானச் சீட்டு எடுக்கும் தமிழர்களை றொனால்ட் பார்த்துக்கொள்வார். இலங்கையைச் சுற்றிப் பார்க்கப் போகும் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது கமலராணியின் வேலை. எந்த மாதம் எந்தக் கரையில் மழை, கண்டியிலிருந்து எல்லவுக்கு ரயிலில் எத்தனை மணித்தியாலம், பொலன்னறுவையில் சோழர் கட்டிய சிவன் கோயில் எந்தப் பக்கம், கண்டி அரசர்கள் ஏன் மதுரையில் பெண் எடுத்தார்கள், கறுவாப் பட்டைக்காக ஒல்லாந்தர் எந்தெந்தக் கோட்டையைப் பிடித்தார்கள், எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அந்த இடங்களில் ஒன்றையும் அவள் கண்ணால் கண்டதில்லை. முல்லைத்தீவுப் பக்கம் பிறந்தவள். போரும் சோதனைச் சாவடிகளும் அவளை வன்னியைத் தாண்ட விடவில்லை. கடைசியில் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறைக்குள் பதினொரு நாள் கிடந்து விமானம் ஏறினாள். அகதி என்று பிரான்ஸ் கொடுத்த பயணப் பத்திரத்தில், பிறந்த நாட்டைத் தவிர எந்த நாட்டுக்கும் போகலாம் என்று எழுதியிருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை விண்ணப்பத்தை இரண்டு வருடம் தள்ளி வைத்துக் கடிதம் வந்திருந்தது. வாடிக்கையாளர்கள், நீங்கள் அங்கேயா பிறந்தீர்கள் என்று கேட்பார்கள். ஓம் என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

அந்த வருடம் மார்ச்சில் கஜந்தினி வேலைக்கு வந்தாள். பிரான்சிலேயே, லெ பிளாங்-மெனிலில் பிறந்து வளர்ந்த இருபத்துநாலு வயதுப் பெண். கையில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு. மூன்று கோடை விடுமுறை இலங்கைக்குப் போய் வந்திருந்தாள். எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வருவதும், காலியின் கோட்டை மதிலில் பிள்ளைகள் பட்டம் விடுவதும், பாசிக்குடாவில் இடுப்பளவுத் தண்ணீரில் அரைக் கிலோமீற்றர் நடந்து போவதும் அவளுடைய கைபேசியில் இருந்தன. வந்த கிழமையே எல்லாவற்றையும் கமலராணிக்குக் காட்டினாள். "அக்கா, நீங்கள் இஞ்சையெல்லாம் போகேல்லையோ?" என்று சும்மாதான் கேட்டாள். கமலராணி, இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டாள்.

அன்றையிலிருந்து அந்தப் பிள்ளை செய்கிற எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. "காலி" என்பதை அவள் பிரெஞ்சுக்காரர் மாதிரி "கால்" என்று சொல்வது பிடிக்கவில்லை. மூக்குத்தியை நுவரெலியாவில் வாங்கினேன் என்றது பிடிக்கவில்லை. றொனால்ட் அவளைக் தெருவில் போகிறவர்கள் பார்க்கும் கண்ணாடிப் பக்கத்து மேசையில் இருத்தியபோது, வேலை முடிந்து லா கூர்னெவில் உள்ள வீட்டுக்குப் போகும் வழி முழுக்கக் கமலராணிக்கு நெஞ்சு எரிந்தது. தன்னுடைய நாட்டைத் தனக்குச் சுற்றிக் காட்ட ஒரு பிரெஞ்சுப் பிள்ளை வந்திருக்கிறாள் என்று நினைத்தாள். அப்படி நினைப்பது நியாயமில்லை என்றும் தெரிந்தது. தெரிந்தும் எரிச்சல் குறையவில்லை.

ஒக்ரோபரில் மதாம் லெமெர்சியேயும் கணவரும் வந்தார்கள். இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். கமலராணிக்கு முன்னால்தான் வந்து இருந்தார்கள். சிகிரியாவில் ஏறுவது முழங்காலுக்குக் கஷ்டமா என்று மதாம் கேட்டார். ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு படி, காலையில் வெள்ளென ஏறினால் நல்லது என்று கமலராணி சொன்னாள். பின்னாலிருந்து கஜந்தினி சிரித்தாள். இரும்புப் படியில் காற்றுக்குத் தான் கைபிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதையும், குளவி கூடு கட்டியிருக்கிறது, சத்தம் போடாதே என்று காவலாளி அதட்டியதையும் சொன்னாள். மதாமும் சிரித்தார். அவரும் கணவரும் கதிரையை அந்தப் பக்கம் திருப்பினார்கள். அதற்குப் பிறகு கமலராணி பக்கம் திரும்பவே இல்லை.

பயணத் திட்டத்தைக் கஜந்தினியே எழுதினாள். டிசம்பர் கடைசியில் பாசிக்குடாவில் ஐந்து இரவு. அவள் போனது ஓகஸ்டில். ஓகஸ்டில் கிழக்குக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். டிசம்பரில் வாடைக்காற்றும் மழையும். குளங்கள் நிரம்பி வான் பாயும், ரோட்டு மூடும். வன்னியில் பிறந்தவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க ஆள் தேவையில்லை. சரிபார்க்கச் சொல்லி அந்தக் கோப்பு கமலராணியின் மேசைக்குத்தான் வந்தது. இரண்டு தரம் வாசித்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று அன்றைக்கு நினைத்தாள். மறுநாள், போனவளுக்குத்தானே எல்லாம் தெரியும் என்று நினைத்தாள். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டு றொனால்டிடம் கொடுத்தாள்.

நத்தார்ப் பண்டிகை கழிந்து நாலாம் நாள் காலை கடைக்கு மதாமின் தொலைபேசி வந்தது, கஜந்தினி எடுத்தாள். பொலன்னறுவையைத் தாண்டி, மன்னம்பிட்டியில் ரோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடுகிறதாம். மதாமும் கணவரும் இரவு முழுக்க ஒரு பள்ளிக்கூடத்தில், வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த சனங்களோடு படுத்திருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும் என்பதையே கஜந்தினி திரும்பத் திரும்பச் சொல்லி அழத் தொடங்கினாள். கமலராணி எழுந்துபோய்த் தொலைபேசியை வாங்கி, சாரதியிடம் கொடுக்கச் சொன்னாள்.

சாரதி மடுத்தீன் நீர்கொழும்பு ஆள். தண்ணீர் வடிந்ததும் பாசிக்குடாவுக்கே போகலாம் என்று காத்திருந்தான்.

"தம்பி, அது நாளைக்கும் வடியாது. மேலை குளங்களின்ரை கதவைத் திறந்திருப்பாங்கள். நீங்கள் இப்பவே திரும்புங்கோ. ஹபரணை ரோட்டும் மூடினால் அங்கையே கிடக்க வேண்டியதுதான்," என்றாள்.

தம்புள்ளையில் ஒரு இரவு, மறுநாள் குருநாகல், கொழும்பு தாண்டித் தெற்கே வெலிகம, அங்கே இப்போது நல்ல வெயில் என்று வரைபடத்தைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனாள். மத்தியானத்துக்குள் இரண்டு இடத்திலும் அறை எடுத்துவிட்டாள். பின்னேரம், தம்புள்ளைக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்று மடுத்தீன் எடுத்துச் சொன்னான்.

றொனால்ட் எல்லோருக்கும் முன்னால் கமலராணியைப் புகழ்ந்தார். கஜந்தினியிடம், படம் எடுக்கத் தெரிந்தால் போதாது என்றார். அந்தச் சொல் கமலராணிக்கு இனித்தது. பத்து மாதமாக அதற்குத்தான் காத்திருந்தாள். ஆனால் அந்தப் பிள்ளை முகத்தைக் கழுவப் பின்னறைக்குப் போனபோது அந்த இனிப்பு வாயில் நிற்கவில்லை. அவளும் பின்னால் போனாள்.

"பிழை எண்டு எனக்கு முதலே தெரியும். தெரிஞ்சுதான் கையெழுத்து வைச்சனான்," என்றாள்.

கஜந்தினி துவாயை முகத்திலிருந்து எடுத்தாள். "ஏன் அக்கா?"

"நீ அங்கை போயிட்டு வாறாய். என்னாலை போகேலாது. அதுதான்."

கஜந்தினி துவாயைக் கொழுவிவிட்டு வெளியே போனாள். அடுத்த நாளிலிருந்து அவளுடன் பிரெஞ்சில் மட்டும் கதைத்தாள், அதுவும் அந்நியரோடு கதைக்கிற மரியாதைப் பன்மையில். அக்கா என்ற சொல் நின்றுபோனது. ஆனால் றொனால்டிடம் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கமலராணிக்குச் சுகமாக இருந்திருக்கும். கிழமை முழுக்கப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கமலராணியே றொனால்டிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "இனி இரண்டு பேரும் ஒரு மேசையிலை இருந்துதான் திட்டம் போட வேணும்," என்றார். அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளுக்குப் பல நாள் எடுத்தது.

ஜனவரியில் மதாம் லெமெர்சியே தேயிலைப் பெட்டி ஒன்றோடு வந்தார். கமலராணியையும் கஜந்தினியையும் பக்கத்தில் கூப்பிட்டுப் படங்களைக் காட்டினார். வெலிகமக் கடலை வேகமாகத் தள்ளிவிட்டு, அந்தப் பள்ளிக்கூடத்தில் நிறுத்தினார். பயணத்தில் மறக்க முடியாதது அந்த இரவுதான் என்றார். வாங்குப் பலகைகளை ஒன்றாகச் சேர்த்துப் படுத்திருந்த சனம், அலுமினியச் சட்டியில் பருப்புக் கறி, வாசலில் மண்நிறத் தண்ணீர். ஒரு பெண் தன்னுடைய சேலையை மதாமின் தோளில் போர்த்தியிருந்தாள்.

கமலராணி அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். அந்தப் பெண்ணின் முகத்தை, ஈரச் சுவரை, தண்ணீருக்குள் நின்ற தேக்க மரத்தைப் பார்த்தாள். அந்த வாங்கில் ஒரு இரவு படுத்தெழும்ப இந்த வெள்ளைக்காரிக்குக் கிடைத்திருக்கிறது, தனக்கு இல்லை.

அவள் கைபேசியைத் திருப்பிக் கொடுத்து, நல்ல படம் என்றாள். பக்கத்தில் நின்ற கஜந்தினி அவளைப் பார்த்தாள். தன்னுடைய கதிரையை அவளுக்கு நகர்த்திவிட்டாள்.