வலது கால் சால்

செம்புத் தண்ணீரை அம்மாவின் பாதத்தில் ஊற்றியதும் அகல்யாவின் கை நின்றுவிட்டது. நான்கு சேலைகளைக் கட்டி மறைத்த அந்தச் சின்ன இடத்துக்குள் வெயில் சிவப்பும் பச்சையுமாக இறங்கி, அம்மா பாஞ்சாலையைக் குளத்து நீருக்கடியில் படுத்திருப்பவள் போலக் காட்டியது. ஆரணி ரைஸ்மில் களத்தில், காயப்போட்ட அவித்த நெல்லைக் காலால் துழாவி, வரிவரியாக முப்பது வருஷம் சால் போட்ட பாதங்கள். நேற்று உச்சிவெயிலில் அந்தக் களத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், அப்புறம் எழுந்திருக்கவில்லை.

“நின்னுகினே இருந்தா எப்படிடி? ஜல்தியா ஊத்து. வாசல்ல மேளக்காரன் பேஜாராவுறான்” என்றாள் ரங்கம்மாள். அம்மாவோடு ஒரே களத்தில் வேலை செய்தவள்.

அகல்யா ஊற்றினாள். நெல்லை அள்ளிய பின் காலியாகக் கிடக்கும் அந்தக் களத்துச் சிமெண்டில்தான், பள்ளிக்கூடத்தில் யாரோ கொடுத்த ஸ்கேட்போர்டில் அவள் முதன்முதலாக ஏறினாள். சூடு அடங்காத தரை, சக்கரத்துக்கடியில் தண்ணீராகப் போகும். அப்புறம் பதினோரு வருஷம், படிக்கட்டிலும் இரும்புக் கைப்பிடியிலும் பலகையோடு தாவிச் சறுக்கும் ஸ்ட்ரீட் போட்டிகள்தான். மூன்று தேசம் போனாள். ஒரு ஷூ கம்பெனி மாதச் சம்பளம் கொடுத்தது. போன ஆடியில் பெங்களூரில் கைப்பிடியிலிருந்து விழுந்து, வலது கணுக்காலில் இரண்டு ஸ்குரூ. நடக்கலாம், குதிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி கழற்றிவிட்டது. அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. ஊருக்கு வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடப்பாள். போனில் அடுத்த போட்டி, அடுத்த ஊர் என்று அளப்பாள்.

இப்போது குனிந்து, ஈரமான காதில் சொன்னாள். “இனிமே ஓட்ட முடியாதும்மா. காலு போச்சு.”

“உங்கம்மாவுக்குத் தெரியும்” என்றாள் ரங்கம்மாள், பாஞ்சாலையின் தலையைத் துவட்டிக்கொண்டே.

“யாரு சொன்னது?”

“யாரு சொல்லணும்? பொங்கலுக்கு வந்தப்ப வெளாட்டுக்கு எங்களோட எறங்கி நெல்லு துழாவுன பாரு. எடது கால் சாலு தரைய தொடுது, வலது கால் சாலு மேலாக்க போவுது. நீ அந்தாண்ட போனதும் உங்கம்மா அதையே பாத்துகினு நின்னுச்சி. ‘ரங்கம்மா, இவ காலு ஒடைஞ்சிருக்குது, இனி பலகையில ஏறமாட்டா’ன்னுச்சி. மத்தவளுங்க பாக்கறதுக்குள்ள அந்தச் சால தன் காலாலயே துழாவி அழிச்சிடுச்சி.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே.”

“அவளே சொல்லட்டும், நீ வாயத் தொறந்தா கொன்னுடுவேன்னுச்சி. நீ போன்ல புளுகறத ஸ்பீக்கர்ல போட்டு வேற காட்டும். ‘கேட்டுக்கோடி, இந்த வாரம் ஜப்பானாம்’னு ஒரே சிரிப்பு.” ரங்கம்மாள் துண்டைப் பிழிந்தாள். “போன வச்சப்புறம் சிரிக்காது.”

அகல்யா செம்பை அண்டாவுக்குள் அமிழ்த்தினாள். நிரம்பியதும் அம்மாவின் பாதத்தில் மறுபடி ஊற்றினாள்.

மேளம் கிளம்பியது. அண்ணன் தென்னரசு நெருப்புச் சட்டியோடு முன்னால் போனான். பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போகலாம். பூ நசுங்கிக் கிடந்த சிமெண்டுத் தெரு வெயிலில் நெளிந்தது. அகல்யா வலது காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள். பாடை முன்னே விலகிப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வந்த களத்துப் பெண்கள் ஒருத்தியும் அவளைத் தாண்டவில்லை. அவள் நடைக்கே நடந்து வந்தார்கள்.