மூன்றாவது உயில்

எங்கள் அப்பா யாரையும் நம்பமாட்டார்; வக்கீல் சொன்னால் மட்டும் தெய்வ வாக்கு. லாரி கம்பெனி வேலையில் மாற்றலாகிப் போன இடத்திலெல்லாம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியதில், அவர் கண்ணை மூடியபோது மூன்று மாநிலங்களில் மூன்று சொத்து இருந்தது. சொந்த ஊரில் மெயின்ரோட்டு வீடு, அக்காவுக்கு. பக்கத்து மாநிலத்தில் நான் குடியிருக்கும் இரண்டு அறை பிளாட், எனக்கு. இன்னொரு மாநிலத்தில் ஒரு கடை, தம்பிக்கு. அந்தந்த ஊர் சட்டம் அந்தந்த ஊர் வக்கீலுக்குத்தான் தெரியும் என்று சொல்லி, ஒரே உயிலில் முடிய வேண்டியதை மூன்று ஊரில், மூன்று வருஷத்தில், மூன்று உயிலாக எழுதிவைத்தார்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போனதிலிருந்து பதினோரு வருஷம் அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். வீட்டின் முன்னறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அதுதான் அவள் பிழைப்பு. மூன்று உயிலையும் அவளே நகல் எடுத்து உறையில் போட்டாள். ஒரு வரி படிக்கவில்லை, மகராசி!

அப்பா போன பிறகு எங்கள் ஊர் வக்கீலம்மாதான் படித்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மூணாவது உயில்ல ஒரு வரி இருக்கு. 'இதற்கு முன் நான் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்'னு. எல்லாரும் வழக்கமா போடுற வரிதான். ஆனா அப்பா கடைசியா எழுதினது கடைக்கு. அதனால வீட்டு உயிலும் பிளாட் உயிலும் செல்லாமப் போச்சு."

"அப்படின்னா?" என்றாள் அக்கா.

"கடை தம்பிக்கு. வீடும் பிளாட்டும் மூணு பேருக்கும் சமபங்கு. யாராவது பங்கு கேட்டா வீட்டை விக்கத்தான் வேணும். அப்பா மனசுல அது இல்லன்னு கோர்ட்டுக்குப் போகலாம். ரெண்டு ஸ்டேட்டு, ரெண்டு கேஸு, பேரப்பிள்ளைங்க காலத்துல தீர்ப்பு வரும். இல்லன்னா ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக்கோங்க."

தம்பிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டதே என்று எனக்கு வயிறு எரிந்தது. அவன் சின்ன வயசிலிருந்தே கல்லுளிமங்கன். அன்றைக்கும் "யோசிக்கலாம்" என்ற ஒரே வார்த்தையோடு எழுந்து போய்விட்டான். நான் சும்மா இருப்பேனா? மூன்று வாரம் ஃபோனில் பிடித்து வறுத்தெடுத்தேன்.

"அக்கா வீட்ல கை வச்சேன்னு வை, அப்புறம் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, சொல்லிட்டேன்!"

"சரி சின்னக்கா," என்பான். எதற்குச் சரி என்று சொல்லமாட்டான்.

கடைசியில் அவனே தேதி குறித்தான். முதலில் என் பிளாட். அக்கா கடையைப் பூட்டிவிட்டு ரயிலேறி வந்தாள், தம்பியும் வந்தான், இரண்டு பேரும் பத்து நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பிளாட் முழுசாக என் கைக்கு வந்தது. அவனைத் திட்டியதற்கு வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம், அக்காவின் வீட்டுக்காகச் சொந்த ஊர்ப் பதிவு அலுவலகம். காலொடிந்த பெஞ்சு, காய்ந்துபோன ஸ்டாம்ப் பேடு, எங்கள் டோக்கன் பதினாலு. தம்பி எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். பேனா என்னிடம் வந்தது.

பத்திரத்தில் வீட்டின் மதிப்பை எண்ணாலும் எழுத்தாலும் போட்டிருந்தார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு. என் மகள் படிக்க இடமில்லாமல் சமையலறைத் தரையில் புத்தகத்தை விரித்து உட்காருவது ஞாபகத்துக்கு வந்தது. பாழாய்ப்போன மனசு!

"இன்னிக்கே போட்டாகணுமா மேடம்?" என்று கேட்டது நான்தான்.

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். அக்கா பார்க்கவில்லை. கைப்பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"அவசரமில்ல. அடுத்த வாரம்கூட வச்சுக்கலாம்," என்றாள்.

போட்டேன். நான்கு பக்கம், நான்கு கையெழுத்து. நான்காவது என் கையெழுத்து மாதிரியே இல்லை.

வெளியே வந்ததும் அக்கா படியில் நின்று யாருக்கோ ஃபோன் பண்ணினாள். "அந்த ரூம் வேணாங்க. வேற யாருக்காவது விட்டுடுங்க. அட்வான்ஸை மெதுவா கொடுங்க, பரவால்ல."

"ரூம் பார்த்தியா நீ?" என்றேன்.

"ரெண்டு தெரு தள்ளி. மிஷின் வைக்க இடம் பத்தாது. படுத்துக்கலாம்."

"உனக்கென்ன பைத்தியமா? தம்பி கையெழுத்துப் போடமாட்டான்னு பயந்துட்டியா?"

அக்கா என் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப்போட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அவனப் பத்தி எனக்கு என்னிக்குடி பயம்?" என்றாள்.