தட்டைச் சுற்றி வைப்பவள்

கியாப்போ சந்தையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள், கடந்து போகிறவரைப் பார்த்து "வாங்க, சாப்பிடலாம்" என்று சொல்லாமல் விடமாட்டார்கள். சும்மா ஒரு மரியாதைதான். நிஜமாகவே உட்கார்ந்துவிட்டால் முகம் சுருங்கிவிடும். ஜேப்படிக்காரர்களான எங்களுக்கோ அதுதான் சோதனை. மந்திரித்த பித்தளைத் தகட்டை நாக்கடியில் அடக்கிக்கொண்டால், நாங்கள் யார் கண்ணுக்கும் தெரியமாட்டோம், எங்கள் குரலும் கேட்காது. வேலை முடிந்ததும் தகட்டைத் துப்பிவிட்டுச் சாப்பாட்டுக் கடைகள் வழியே நடப்போம். யாராவது கூப்பிட்டால், பழையபடி ஆகிவிட்டோம் என்று அர்த்தம்.

அன்று என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவார்கள்? ஒரு போலீஸ்காரன் தெரியாமல் என்மேல் வந்து இடித்ததில், பயந்துபோய்த் தகட்டை விழுங்கித் தொலைத்திருந்தேன்.

எங்கள் தலைவன் கார்டிங்கிடம் ஓடினேன். மாலை வேலைக்காக அவன் தகட்டை வாயில் போட்டிருந்தான். தகடு போட்டவனுக்கு மட்டும்தான் இன்னொரு தகட்டுக்காரி தெரிவாள்.

"முழுங்கிட்டியா? அது என்ன மிட்டாயாடி?"

"வெளிய எடுக்க வழி சொல்லுண்ணே."

"உள்ள போய் ஒட்டிக்கிச்சுன்னா ஒட்டிக்கிச்சுதான். ஏன் அழுவுற, லிகாயா? எவன் கண்ணுலயும் படாத திருடி! எனக்கு யோகம்தான் போ."

"வீட்ல இசாய் தேடுவாளேண்ணே."

"தேடமாட்டா. தகட்ட முழுங்கினவங்க யார் ஞாபகத்துலயும் நிக்கமாட்டாங்க, பொழுது சாயறதுக்குள்ள உன்ன மறந்துடுவா. வேணும்னா போய்ப் பாரு. அப்புறம் வந்து இங்கேயே கெட."

அவன் சிரித்த சிரிப்புக்கு ஓங்கி அறையலாம் போலிருந்தது.

இசாய் என் தங்கை. எங்களுக்கு வேறு யாரும் இல்லை. சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு நான் வேலைக்கு ஓடும்போதெல்லாம், தன் தட்டை ஒரு சுற்றுச் சுற்றி வைப்பாள். அப்படிச் செய்தால் எழுந்து போனவர் பத்திரமாகத் திரும்புவார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. "மீனுக்குத் தலை சுத்தப் போவுதுடி" என்று கேலி செய்வேன்.

வீட்டுக்குப் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. இசாய் கருவாடும் சோறும் தின்றுகொண்டிருந்தாள். எனக்குத் தட்டு வைக்கவில்லை.

"இசாய்" என்றேன். கருவாட்டை வினிகரில் தோய்த்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன். அவள் தலை நிமிர்ந்தது.

"வாங்கண்ணே, சாப்பிடலாம்!"

வாசலில் போன ஐஸ் வண்டிக்காரரைத்தான் கூப்பிட்டாள். ஊர்பேர் தெரியாதவரைக் கூப்பிடுகிறாள், முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் என்னைக் கூப்பிடவில்லை. சந்தையே என்னைப் பார்க்காதபோது கூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. கார்டிங் சொன்னது சரிதான். அவனிடமே போய்த் தொலைவோம் என்று எழுந்தேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

இசாய் தன் தட்டை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தாள்.

ஏன் வைத்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனவள் திரும்பி வரவேண்டும் என்று அந்தக் கைக்கு மட்டும் இன்னும் ஞாபகம் இருந்தது.

கார்டிங் காத்துக் கிடக்கட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.