நான்காம் பிளாட்பாரம்

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது என் வேலை. பதினெட்டு வருடமாகக் கண்ணாடி அடைத்த அறையில் உட்கார்ந்துகொண்டு, கண்ணால் பார்க்காத வண்டிகளைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவளுக்குத் தைராய்டில் கட்டி என்றால் எப்படி இருக்கும்?

கழுத்தில் கத்தியே படாது, அக்குளில் கீறி ரோபோவின் கைகளை உள்ளே விட்டு எடுத்துவிடலாம் என்றார் சர்ஜன். தழும்பு வெளியே தெரியாதாம். தழும்பைப் பற்றி யாருக்குக் கவலை? என்னைத்தான் யாரும் பார்ப்பதே இல்லையே. குரல் என்னாகும் என்று கேட்டேன். சுரப்பியை ஒட்டியே குரலுக்கான நரம்பு நூல் மாதிரி ஓடுகிறது, நூறு பேரில் ஒருவருக்கு அது அடிபடலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். அந்த ஒருத்தி நான்தான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

தியேட்டரில் மேசைக்கு மேலே நான்கு இயந்திரக் கைகள் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு காத்திருந்தன. சர்ஜன் என் பக்கத்தில் நிற்கப் போவதில்லை. மூலையில் ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்து, அங்கிருந்தே இந்தக் கைகளை இயக்குவாராம். அவரும் என்னை மாதிரி தள்ளி உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்தான். அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ நான் இதுவரை தப்பாகச் சொன்ன அறிவிப்புகளெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

கண் விழித்தபோது அக்குள் எரிந்தது. தொண்டை ரணமாக இருந்தது. சர்ஜன் குனிந்து, "ஏதாவது பேசுங்கம்மா," என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. பேசிப் பார்த்தால்தானே போய்விட்டதா என்று தெரியும்? பேசாதவரை குரல் என்னிடம்தான் இருக்கிறது. மறுபடி கேட்டார். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். குரல் வரவில்லை என்று நினைத்துக்கொண்டார் போல. நரம்பைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கட்டியை எடுத்தேன் என்று முணுமுணுத்தார். சாயங்காலம் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்க்கலாம் என்று நர்சிடம் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

வார்டுக்கு மாற்றிய பிறகு அவர் தங்கையிடமிருந்து போன் வந்தது. எனக்கு ஒத்தாசையாக இருக்கக் கிளம்பி வந்துகொண்டிருந்தாள் நாத்தனார். பாவம், முழங்கால் வலிக்காரி, படியேற முடியாது. அவர் வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். குரல் விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை.

"நீ இறங்கி அங்கேயே நில்லு. நான் ரெண்டாம் பிளாட்பாரத்துல இருப்பேன்."

ரெண்டா? செவ்வாய்க்கிழமை தண்டவாள வேலைக்காக ரெண்டை மூடிவிடுவார்கள். அந்த வண்டி நாலில்தான் நிற்கும். இத்தனை வருடம் என்னோடு குடித்தனம் நடத்துகிற மனுஷனுக்கு இதுகூடத் தெரியவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

"நாலு," என்றேன். "செவ்வாக்கிழமை நாலுதான்."

தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு கரகரப்பு. ஆனாலும் வந்துவிட்டது. அவர் போனைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டு அழுதுவிட்டார்.

"அண்ணா, பக்கத்துல யாரு பேசுறது?" என்றாள் நாத்தனார்.

அவர் போனை என் பக்கம் நீட்டினார். எனக்கு இன்னும் பயம் போகவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டேன்.

"நான்தான்."