எடை மேடைக்கு இரண்டு புரோகிராம்

தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிறாற்போல் வலித்தது ஜெயக்கொடிக்கு. மானிட்டரைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்தில் பஸ் ஏறி, கேளம்பாக்கத்தில் மாறி, கோவளத்தில் இறங்கி, வெயிலில் தலைமேல் சுமந்து வந்திருந்தாள். நேற்றும் இதே வழியில்தான் சிபியு வந்தது. அப்பா திரிசூலத்தில் கல் உடைத்தவர். சுமை அவளுக்குப் புதிதில்லை. கம்ப்யூட்டர் படித்துவிட்டும் சுமப்பதுதான் எரிந்தது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அது. லாரி எடை மேடைகளுக்கு பில் போடும் புரோகிராம் செய்து விற்றுக்கொண்டிருந்தார் பட்டாபிராமன். புரோகிராம் எழுதத்தான் அவளைச் சேர்த்தார். ஆனால் எழுதுகிற நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் அரிகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தான்.

அவன் புரோகிராமில் எல்லா செட்டிங்கும் உள்ளேயே பூட்டிக் கிடக்கும். கட்டணம், பில் தலைப்பு, எடை காட்டும் பெட்டி எந்த வேகத்தில் எண்களை அனுப்பும் என்பது வரை. ஒன்று மாறினாலும் ஆபீசில் புதிதாகச் செய்து ஃப்ளாப்பியில் கொண்டுவர வேண்டும். ஜெயக்கொடி சாப்பாட்டு நேரங்களில் வேறொன்று எழுதினாள். அதில் செட்டிங் எல்லாம் வெளியே ஒரு சின்ன ஃபைலில், வரிக்கு ஒன்றாக இருக்கும். திறந்து, மாற்றி, மூட வேண்டியதுதான்.

"கதவே இல்லாம வீடு கட்டியிருக்கா சார் இவ," என்றான் அரிகிருஷ்ணன், முந்தாநாள் ஆபீசில்.

"உங்க வீட்ல ஆணி அடிக்கணும்னாக்கூட தாம்பரத்துலேர்ந்து கொத்தனார் வரணும்," என்றாள் அவள்.

பட்டாபிராமன் கையை உயர்த்தினார். "ரெண்டையும் டிஸ்க்ல போட்டாச்சு. கோவளத்துல எது ஓடறதோ அதான் இனிமே எல்லா மேடைக்கும். உன்னுது ஓடினா நாற்காலி உனக்கு. இல்லேன்னா பேசாம பெட்டி தூக்கு."

கோவளத்தில் நஞ்சை நிலத்தை விற்று மேடை கட்டியிருந்தார் பொன்னுரங்கம். இன்று காலை போட்ட திறப்பு பூஜையின் கற்பூரப் புகை அறையை விட்டு இன்னும் போகவில்லை. பட்டாபிராமனும் அரிகிருஷ்ணனும் முன்பே வந்திருந்தார்கள். வெளியே லாரிகள் வரிசை கட்டி நின்றன. எத்திராஜின் ஜல்லி லாரி முதலில் மேடை ஏறியது.

அரிகிருஷ்ணன் தன் புரோகிராமை ஓட்டினான். திரையில் பூஜ்யம். பொன்னுரங்கம் வாங்கியிருந்த எடைப் பெட்டி புது மாடல்; அது எண் அனுப்பும் வேகம் வேறு.

"இன்னா சார், என் லாரில காத்தா கீது?" என்று கத்தினான் எத்திராஜ். சிரிப்பு அலையாய் எழுந்தது.

அரிகிருஷ்ணன் அசரவில்லை. "எல்லா வேகத்துக்கும் தனித்தனியா செஞ்சு கொண்டாந்திருக்கேன்" என்று பையிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்தான். அது உள்ளே போகவில்லை. குனிந்து பார்த்தான். ஃப்ளாப்பி நுழையும் வாய் முழுக்கச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"யாரு இதுல சந்தனம் வெச்சது?"

"நான்தாம்பா," என்றாள் பொன்னுரங்கத்தின் மனைவி கங்கையம்மாள், பெருமையாக. "வாயாட்டம் தெரிஞ்சுதா, தாராளமா வெச்சேன். காலீலயே வெச்சது, நல்லா புட்சிகிச்சு பாரு."

ஜெயக்கொடி அவனை நகரச் சொன்னாள். வலியை மறந்து கீபோர்டின் முன் உட்கார்ந்தாள். தன் ஃபைலைத் திறந்தாள். வேகம் எழுதியிருந்த வரியில் எண்ணை மாற்றினாள். மூடினாள். ஓட்டினாள்.

லாரியின் எடை பளிச்சென்று திரையில் வந்து நின்றது! பிரின்டர் கிறீச்சிட்டுக்கொண்டு சீட்டைத் தள்ளியது.

"அடி சக்கை!" பொன்னுரங்கம் தொடையில் தட்டினார். "தட்னா மாறுதே! வேகத்துக்குக் கீழ ஒண்ணு இருந்துச்சே, அது இன்னா வரிம்மா?"

"காலி மேடை பூஜ்யம் காட்டலேன்னா கூட்டிக் கழிக்கிற எண், அண்ணா."

"அதுல நூறு போட்டா?"

"ஒவ்வொரு லாரிக்கும் நூறு கிலோ ஏறும்." சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"அப்டிப் போடு!" என்று பொன்னுரங்கம் குலுங்கிச் சிரித்தார்.

ஜன்னலில் எத்திராஜின் முகம். "கேட்டுச்சு மொதலாளி. நான் வேற மேடைல போட்டுக்கறேன்." லாரி உறுமியது. பின்னால் நின்றவர்களும் ரிவர்ஸ் கியரைத் தேடினார்கள்.

"டேய், தமாசுக்குச் சொன்னேன்டா!" பொன்னுரங்கத்தின் குரல் டீசல் புகையில் அமுங்கிப் போனது. பட்டாபிராமன் முகம் வெளிறியது.

விளக்குமாற்றுக் குச்சியால் சந்தனம் நோண்டிக்கொண்டிருந்த அரிகிருஷ்ணன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "எடையைத் தொடறது உள்ள இருக்கணும், ஜெயக்கொடி. இடத்துக்கு இடம் மாறறது மட்டும் வெளிய. நாம ரெண்டு பேரும் பாதிதான் சரி."

கரண்ட் பாய்ந்தது மாதிரி இருந்தது அவளுக்கு. இத்தனை நாள் அடித்துக்கொண்ட இரண்டும் ஒரே புரோகிராமின் இரண்டு பக்கம்! எழுந்து ஓடி லாரிக்கு முன்னால் நின்றாள்.

"எத்திராஜண்ணா, இறங்கி வாங்க. உங்க கண்ணு முன்னாடியே அந்த வரிய அழிக்கிறேன்."

அவன் முனகிக்கொண்டே வந்தான். அழித்தாள். மறுபடி எடை போட்டாள். கல் குவாரியில் அவனுக்குத் தந்திருந்த சீட்டோடு எடை ஒத்துப்போனது.

"இப்ப சரி," என்றான் எத்திராஜ். "நாளைக்கு மறுபடி எழுதிட்டாருன்னா?"

"நாளைக்கு எழுதினாலும் எடுத்துக்காத மாதிரி புதுசா செஞ்சு கொண்டாரேன்."

அவன் மற்ற லாரிகளுக்குக் கையசைத்தான். ஒவ்வொன்றாக மேடை ஏறின. மூச்சு வாங்க பட்டாபிராமனிடம் போனாள்.

"எடையைத் தொடறதெல்லாம் உள்ள பூட்டிடலாம் சார். வேகம், கட்டணம், தலைப்பு மட்டும் வெளிய ஃபைல்ல."

"பிரமாதம்! எப்போ தோணித்து நோக்கு?"

"இப்பத்தான் சார்."

அரிகிருஷ்ணன் தலை நிமிரவில்லை. குச்சி சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தது.

"நாளைலேர்ந்து நாற்காலி உனக்கு. அரி, நீ வெளிவேலை பாரு."

மறுநாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து புது புரோகிராமை எழுதினாள். விரல்கள் பறந்தன. பசி தெரியவில்லை. ஒரே வாரத்தில் பெரும்பாக்கம் மேடையிலும் அது ஓடியது. உள்ளே, வெளியே என்று பிரித்தது அரிகிருஷ்ணன்தான் என்று பட்டாபிராமனிடம் சொல்ல வேண்டியது மட்டும் அவள் கணக்கில் பாக்கி. இன்னும் சொல்லவில்லை.